டிராக்டர் லிப்ட் பம்பும் கட்டுப்பாட்டு வால்வும்: கழற்றுமுன் பார்க்க வேண்டியவையும் கழற்றும் முறையும்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒரு கை காவிரியாகவும் மறு கை கொள்ளிடமாகவும் திருவரங்கம் தீவைச் சுற்றி ஓடுகிறது. இத்தீவிலும், தென்கரையில் உய்யக்கொண்டான் பாசனத்திலும், வடகரையில் பெருவளை, அய்யன் வாய்க்கால் பாசனங்களிலும் வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் எல்லா வயல்களிலும் ஒரே சமயத்தில் தொளி உழவு தொடங்கிவிடுகிறது. நாற்றங்காலில் நாற்று காத்திருக்கும். நடவு ஆட்களுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நாளில் டிராக்டரின் லிப்ட் தூக்கவில்லை என்றால் உழவர் என்ன செய்வார்? பட்டறைக்குப் போன் செய்வார். மெக்கானிக் வந்து "பம்பை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்பார். மறுநாள் டிராக்டர் பாதி பிரிந்த நிலையில் களத்தில் நிற்கும்.

பம்பை இறக்குவது தவறு என்று நாம் சொல்லவில்லை. இறக்க வேண்டிய சமயமும் உண்டு. ஆனால் இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் பெட்டியைத் திறந்தால் கூலியும் நாளும் வீணாவதோடு, நன்றாக இருந்த பம்புக்குள் மண்ணும் புகுந்துவிடும். ஆகவே இக்கட்டுரையில் முதலில் சோதனைகளையும், பிறகு கழற்றும் முறையையும் காண்போம். வேலையை நீங்களே செய்யாவிட்டாலும், பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

பம்பு எங்கே இருக்கிறது?

டிராக்டர்களில் லிப்ட் பம்பு இரண்டு விதமாக அமைந்திருக்கும். பல கம்பெனி வண்டிகளில் பல்சக்கர பம்பு வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டு, குழாய் வழியாக ஆயிலை லிப்டுக்கு அனுப்புகிறது. அதைக் கழற்றுவது கடினமன்று. குழாய்களைக் கழற்றி, வாய்களை மூடி, நான்கைந்து போல்ட்டுகளை எடுத்தால் கைக்கு வந்துவிடும். மற்றொரு விதம் பெர்குசன் முறை. இதில் பம்பும் கட்டுப்பாட்டு வால்வும் ஒன்றாகச் சேர்ந்து, கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள நடுப் பெட்டியின் அடியில், ஆயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மேஸ்ஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நம் மாவட்டத்தில் இவை நிறையவே ஓடுவதாலும், கழற்றுவதில் சிக்கல் மிகுந்தவை இவைதான் என்பதாலும் இங்கே இவற்றையே விரிவாகச் சொல்கிறோம்.

இம்முறையைக் கண்டுபிடித்தவர் அயர்லாந்தில் 1884-இல் பிறந்த ஹாரி பெர்குசன். கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் இழுத்துச் சென்ற காலத்தில், கலப்பை ஒரு பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்புறம் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் மேலேயே கவிழ்வதுண்டு. கலப்பையை மூன்று இணைப்புகளால் வண்டியோடு சேர்த்து, அதன் ஆழத்தை ஆயில் அழுத்தத்தாலேயே கட்டுப்படுத்தும் வழியை அவர் கண்டார். 1936-இல் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்தும், 1939-இல் போர்டு நிறுவனத்துடன் சேர்ந்தும், 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலும் இம்முறை கொண்ட டிராக்டர்கள் வெளிவந்தன. 1953-இல் அவருடைய நிறுவனம் மேஸ்ஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. இன்று எந்தக் கம்பெனி வண்டியை எடுத்தாலும் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு அவர் வழியில் வந்ததுதான்.

வேலை செய்யும் விதம்

பம்பில் நான்கு பிஸ்டன்கள் உண்டு. பி.டி.ஓ. ஷாப்ட் பம்பின் நடுவே ஊடுருவிச் சென்று அதைச் சுழற்றுகிறது. பிஸ்டன்கள் முன்னும் பின்னும் நகர்ந்து ஆயிலை உறிஞ்சி, ஒரு நிற்குழாய் வழியாக மேல்மூடியில் உள்ள சிலிண்டருக்கு அனுப்புகின்றன. சிலிண்டரின் பிஸ்டன் தள்ளப்பட, லிப்ட் கைகள் உயர்கின்றன.

இதில் வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றப் பல வண்டிகளில் பம்பு ஆயிலை அழுத்தி அனுப்பிய பிறகு வால்வு அதை வழி பிரிக்கும். பெர்குசன் முறையில் பம்பு ஆயிலை உறிஞ்சும் பக்கத்திலேயே வால்வு உள்ளது. லீவரை உயர்த்தினால் வால்வு நகர்ந்து உறிஞ்சு வாயைத் திறக்கும். பம்பு ஆயிலை எடுத்துத் தூக்கும். நடுநிலையில் இரு வாய்களும் மூடிவிடும். பம்பு வெறுமனே சுழலும். சிலிண்டரில் உள்ள ஆயில் அடைபட்டுக் கிடப்பதால் கருவி அந்தரத்தில் நிற்கும். லீவரை இறக்கினால் அடைபட்ட ஆயில் வெளியேறிப் பெட்டிக்குள் விழும். கருவி தன் கனத்தால் இறங்கும். கீழே இறக்குவதற்கு ஆயில் அழுத்தம் கிடையாது.

ஆக, பெட்டிக்குள் உள்ள ஆயில் சல்லடையைத் தாண்டியவுடன் முதலில் சந்திப்பது இந்த வால்வைத்தான். கியருக்கும் அச்சுக்கும் லிப்டுக்கும் இதே ஆயில்தான். கியர் தேய்ந்த இரும்புத் தூளும், உள்ளே புகுந்த தண்ணீரும், வண்டலும் முதலில் வந்து சேர்வது வால்வுக்கே. அதற்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனை விடக் குறைவு. அதில் ஒரு துரும்பு மாட்டினால் போதும்.

கழற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவது, கேட்டால் சிரிப்பு வரும்: பி.டி.ஓ. லீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இவ்வகை வண்டிகளில் பி.டி.ஓ. லீவர் நடுநிலையில் இருந்தால் பம்பு சுழலாது, லிப்ட் தூக்காது. சிறுவன் யாராவது ஏறி விளையாடியிருப்பான், அல்லது இரவல் வாங்கிச் சென்றவர் மாற்றியிருப்பார். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்துக்கொண்டு லிப்ட் லீவரை இழுத்தாலும் தூக்காது, ஏனெனில் அப்போது பம்பும் நின்றுவிடுகிறது. இருக்கையின் வலப்புறம் உள்ள இரண்டு லிப்ட் லீவர்களில் ஒன்று தவறான இடத்தில் இருந்தால், மற்றதை எவ்வளவு அசைத்தும் பயனில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இவற்றின் சரியான நிலை படத்துடன் உள்ளது. இதைப் பார்க்காமலே பம்பை இறக்கியவர்கள் உண்டு.

இரண்டாவது, ஆயிலின் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிப்டை முழுவதும் இறக்கி, சிறிது நேரம் விட்டுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். லிப்ட் உயர்ந்திருக்கும்போது பார்த்தால் சிலிண்டரில் உள்ள ஆயில் கணக்கில் வராது. ஆயில் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், லிப்ட் துள்ளித் துள்ளி எழும், ஆயில் நுரைக்கும்.

மூன்றாவதும் முக்கியமானதும் ஆயிலின் நிறம். மோர் போல, அல்லது பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கலாம், நுரையாகவும் இருக்கலாம். கண்ணாடிப் புட்டியில் சிறிது எடுத்து ஓரிரவு வையுங்கள். நுரையாக இருந்தால் காலையில் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் அப்படியே வெளுத்திருக்கும், அல்லது அடியில் தனியாகத் தங்கும். இன்னொரு வழியும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றிவிடாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். பெட்டியில் தண்ணீர் தங்கியிருந்தால் ஆயிலுக்கு முன் அதுவே சொட்டும்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? நம் பகுதியில் இதற்கு வழிகள் பல. கேஜ் வீல் மாட்டித் தொளியில் அச்சு மூழ்க ஓட்டும்போது, தேய்ந்த ஆயில் சீல் வழியே சேற்று நீர் நுழைகிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழை நீர் நேராகவே இறங்கும். இவற்றை விடவும் மோசமானது, வேலை முடிந்ததும் வண்டியைக் காவிரியிலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவும் பழக்கம். நாள் முழுவதும் ஓடிய பெட்டி சூடாக இருக்கும். உள்ளே உள்ள காற்றும் விரிந்திருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் அந்தக் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று, மூச்சுத் துளையிலோ சீலிலோ எங்கே வழி கிடைத்தாலும் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியில் இருப்பது ஆற்று நீர். மாட்டைக் குளிப்பாட்டுவது போல வண்டியைக் குளிப்பாட்டக் கூடாது. ஆறிய பிறகு, மேட்டில் நிறுத்தி, வாளியில் மொண்டு கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாயானால் மூச்சுத் துளை, சீல்கள், ஆயில் ஊற்றும் மூடி ஆகியவற்றின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம்.

ஆயில் வெளுத்திருந்தால் பம்பைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வண்டியைச் சிறிது நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, முழுவதும் வடித்து, சல்லடையைக் கழுவி, கையேட்டில் குறித்த தரத்தில் புது ஆயில் ஊற்றி, லிப்டை இருபது முப்பது முறை ஏற்றி இறக்குங்கள். ஒட்டிக்கொண்டிருந்த வால்வு இதிலேயே விடுபடலாம். சில மாதிரிகளில் பக்க மூடியைக் கழற்றினாலே சல்லடை கைக்கு எட்டும். சில மாதிரிகளில் எட்டாது.

கசிவு எங்கே என்று கண்டுபிடித்தல்

தூக்குகிறது, ஆனால் நிற்கவில்லை என்பது வேறு விதமான குறை. கொக்கிக் கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். கலப்பை மளமளவென்று இறங்கினால் அடைபட்ட ஆயில் எங்கோ கசிகிறது. இன்ஜின் ஓடும்போது இதே குறை, கலப்பை தலையாட்டுவது போலத் தெரியும். கொஞ்சம் இறங்கும், வால்வு திறந்து மறுபடி தூக்கும், மீண்டும் இறங்கும். இடைவிடாமல் இப்படி ஆடும். பெரும் பாரம் ஒன்றும் இல்லாதபோதும் தூக்கும்போதே ஒரே தாளத்தில் குலுங்கினால், நான்கு பிஸ்டன்களில் ஒன்றுக்குரிய சிறு வால்வு சரியாக அமரவில்லை என்று கருதலாம்.

கசியும் இடம் நான்கில் ஒன்றாக இருக்கும்: சிலிண்டர் பிஸ்டனின் வளையம், நிற்குழாயின் ரப்பர் வளையங்கள், பாதுகாப்பு வால்வு, பம்போடு சேர்ந்த கட்டுப்பாட்டு வால்வு. இதைப் பெட்டியைப் பிரிக்காமலே அறியலாம். பக்க மூடி திறக்கும் அளவுக்கு ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றி, கலப்பையைத் தூக்கிய நிலையில் இன்ஜினை அணைத்து, டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு உள்ளே பாருங்கள். ஆயில் மேலே சிலிண்டர் பக்கத்திலிருந்து சொட்டினால் பம்பில் குறையில்லை. மேல்மூடியை மட்டும் இறக்கினால் போதும். நிற்குழாயின் ஓரம் வழிந்தால் இரண்டு ரப்பர் வளையங்களோடு வேலை முடியும். கீழே பம்பிலிருந்தே வந்தால்தான் பம்பை வெளியே எடுக்க வேண்டும்.

இச்சோதனையின்போது மூன்று எச்சரிக்கைகள். தூக்கிய கலப்பைக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. அதைத் தாங்கிக்கொண்டிருப்பது கசிந்துகொண்டிருக்கும் ஆயில் மட்டுமே. ஒரு மரக்கட்டையை ஓரத்தில் தயாராக வைத்து, கலப்பை அதன் மேல் விழுமாறு அமையுங்கள். இன்ஜின் ஓடும்போது பக்க வாய்க்குள் கையை விடக் கூடாது. உள்ளே ஷாப்ட் சுழல்கிறது. பீய்ச்சும் ஆயிலை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. இந்த ஆயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கு மேலும் செல்லும். மெல்லிய ஆயில் தாரை ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நில்லாமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலம் தாழ்த்தினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கழற்றும் முறை

இறக்கியே தீரவேண்டும் என்று முடிவானால் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். போரடிக்கும் களம் ஆகாது. காற்றில் தூசியும் பதரும் பறக்கும். கூரைக்கு அடியில், சிமெண்டுத் தரையில், செயின் பிளாக் தொங்கவிடத்தக்க உறுதியான உத்திரமோ முக்காலியோ உள்ள இடம் வேண்டும். வண்டியை முதல் நாளே நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். இருக்கைக்கு அடியிலும் மேல்மூடியின் ஓரங்களிலும் ஒட்டிய காய்ந்த சேற்றைச் சுரண்டி எடுங்கள். மூடியைத் தூக்கும்போது அந்தச் சேறு நேராகப் பெட்டிக்குள்தான் விழும்.

கலப்பையை இறக்கிக் கழற்றி, லிப்டை முழுவதும் இறக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். மாதிரிக்குத் தக்கவாறு சுமார் முப்பது லிட்டர் வரலாம். பாத்திரம் அதற்குத் தயாராக இருக்கட்டும். வடிகால் திருகில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற மெல்லிய கருந்தூள் வழக்கமான தேய்மானம். பளபளக்கும் துண்டுகள் இருந்தால் குறை பம்போடு நிற்கவில்லை. கியர் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து இருக்கையையும், மேல் இணைப்பையும், லிப்ட் கைகளிலிருந்து தொங்கும் தூக்குத் தண்டுகளையும் கழற்றுங்கள். பக்க மூடியை எடுத்து உள்ளே பார்த்தால், மேல்மூடியிலிருந்து தொங்கும் நெம்புகோல்கள் கட்டுப்பாட்டு வால்வின் முனையோடு சேர்ந்திருப்பது தெரியும். இந்த இடத்தில் கைபேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான். நெம்புகோலை வால்விலிருந்து விடுவித்த பிறகு, மேல்மூடியின் மேல் உள்ள சிறு தகட்டைக் கழற்றி, நிற்குழாயை நேராக மேலே உருவுங்கள். வராவிட்டால் இடுக்கியால் நசுக்க வேண்டாம். இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி இழுத்தால் வரும்.

மேல்மூடியின் போல்ட்டுகளைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் இருக்கலாம். ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுப் போல்ட்டைச் செருகி வைத்தால் குழப்பம் வராது. மூடி ஒரு நெல் மூட்டையை விடக் கனமானது. இரண்டு பேர் தம் கட்டித் தூக்க முயல்வது கூடாது. அடியில் தொங்கும் நெம்புகோல்கள் பெட்டியின் விளிம்பில் மோதினாலே வளைந்துவிடும். செயின் பிளாக்கில் கட்டி, நேராக, அங்குலம் அங்குலமாகத் தூக்கி, இரண்டு மரக்கட்டைகளின் மேல் நெம்புகோல்கள் தரையில் படாதபடி இறக்குங்கள்.

இப்போது பம்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் பி.டி.ஓ. ஷாப்ட் அதன் நடுவே கோத்து நிற்கிறது. வண்டியின் பின்புறம், ஷாப்டின் பேரிங் உறையில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஷாப்டைப் பின்னோக்கி நேராக உருவுங்கள். ஒருவர் உருவும்போது மற்றொருவர் பம்பைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் இரு பக்கங்களிலிருந்தும் நுழைந்து பம்பைப் பிடித்திருக்கும் பின்கள் இரண்டையும் எடுத்தால் பம்பு விடுபடும். அதைச் சாய்க்காமல் மேலே எடுத்து, தட்டில் வையுங்கள். எடுத்தவுடன் பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். துணித் துண்டுகளைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டாம். ஒன்று மறந்து உள்ளேயே தங்கிவிட்டால் பிறகு சல்லடையை அடைத்துக்கொள்ளும்.

பம்பையும் வால்வையும் பிரித்தல்

பிரிக்கும் மேசையில் வெள்ளைத் துணியோ சுத்தமான செய்தித்தாளோ விரியுங்கள். பனியன் வேஸ்டால் உள்பாகங்களைத் துடைக்காதீர்கள். பட்டறைகளில் எல்லாவற்றையும் அதனால்தான் துடைக்கிறார்கள். ஆனால் அதன் நூல் பிசிறு வால்வின் அடியில் படிந்தால் மறுபடியும் கசிவு தொடங்கும். நூல் உதிராத துணி வேண்டும்; துடைப்பதை விடக் கழுவிக் காயவிடுவதே மேல். புது டீசலை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கழுவப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் வேண்டாம்.

பிரிக்குமுன் எந்த வால்வு அறை எந்தப் பக்கம், எந்தப் பிஸ்டன் எந்தத் துளையில் என்று குறியிடுங்கள். பல ஆண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய பாகங்கள் அவை. இடம் மாறினால் பொருந்தா. சிறு வால்வுகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கிண்ணமாக வையுங்கள். கார்களில் உள்ள தானியங்கி கியர் பெட்டியைப் பிரிப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதிலும் ஓர் ஆயில் பம்பு, அடியில் ஒரு வால்வுப் பலகை. பலகையைக் கவனமின்றி இறக்கினால் உள்ளே உள்ள சிறு எஃகுக் குண்டுகள் உருண்டோடிவிடும். எது எந்தக் குழியில் இருந்தது என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. நம் டிராக்டர் பம்பு அவ்வளவு சிக்கலானதன்று.

கட்டுப்பாட்டு வால்வை உருவிக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போல மினுமினுக்க வேண்டும். தண்ணீர் கலந்த ஆயிலில் கிடந்த வால்வில் பழுப்புப் புள்ளிகளாகத் துரு தெரியும். நகத்தை அதன் மேல் நீளவாட்டில் ஓட்டுங்கள். நகம் எங்காவது தடைப்பட்டால் அந்த வால்வு இனி உதவாது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்த்தால் துரு போகும். கூடவே வால்வின் பருமனும் குறையும். பிறகு அது ஒருநாளும் அடைக்காது. நல்ல வால்வு, ஆயில் தடவித் துளையில் நிறுத்தினால், பிடிப்பின்றித் தன் கனத்தாலேயே வழுக்கி இறங்கும். பல மாதிரிகளில் வால்வு ஒட்டாமல் இருப்பதற்காக அதை இடைவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவி ஒன்று பம்பில் உண்டு. அது தேயாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரப்பர் வளையங்களையும் பேக்கிங்குகளையும் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். செலவு சிறிது, அவற்றுக்காக மறுபடி மேல்மூடியை இறக்குவது பெரிது. வால்வையும் சீல்களையும் வண்டியின் மாதிரி எண்ணைக் காட்டி வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பாகங்கள் அளவில் சற்று மாறலாம்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்டவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் இரண்டு இடங்களில் மட்டும் பொறுமை வேண்டும். ஒன்று, பி.டி.ஓ. ஷாப்டைச் செருகும் இடம். பல் பொருந்தாவிட்டால் சுத்தியலால் தட்டாமல், ஷாப்டைக் கையால் சற்றே திருப்பித் திருப்பித் தள்ளினால் தானாக உட்காரும். மற்றொன்று, மேல்மூடியை இறக்கும் இடம். ஒருவர் பக்க வாய் வழியே டார்ச் அடித்து, நெம்புகோல்கள் வால்வு முனையோடு சரியான பக்கத்தில் சேர்கின்றனவா என்று பார்க்க, மற்றவர் செயினை விடவேண்டும். நிற்குழாயின் புது வளையங்களில் ஆயில் தடவியே செருகவேண்டும். வறட்டு வளையம் மடிந்து கிழியும்.

நெம்புகோல்களின் நீளத்தையும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் அளந்து சரிப்படுத்துவது தனி வேலை. அதற்கென்று அளவுக் கருவிகள் உண்டு. கண்மதிப்பில் திருகினால் லிப்ட் முழு உயரம் எழாது; அல்லது உச்சியில் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருந்து பாதுகாப்பு வால்வு கத்தும். கழற்றும்போது அந்தத் திருகுகளில் கை வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் இத்தொல்லை வராது. கை வைத்துவிட்டால் கம்பெனிப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அங்கே மேல்மூடியில் அழுத்தமானியை மாட்டிப் பம்பின் முழு அழுத்தத்தையும் பார்த்துவிடலாம். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு உழவன் செயலி வழியே முன்பதிவு செய்யலாம். ஆனால் தண்ணீர் விட்ட வாரத்தில் அதற்கும் போட்டி இருக்கும். ஆகவே லிப்டில் சந்தேகம் இருந்தால் சித்திரை வைகாசியிலேயே மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

புது ஆயில் ஊற்றியதும் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பாரமின்றி லிப்டைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். முதலில் துள்ளும், காற்று வெளியேறியதும் நிதானப்படும். பிறகு அணைத்து, லிப்டை இறக்கி, ஆயில் அளவை மீண்டும் பாருங்கள், குறைந்திருக்கும். அதன் பின் கொக்கிக் கலப்பையை மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்து, கலப்பைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் குச்சியால் அளந்து, அரைமணி கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

தண்ணீர் கலந்திருந்த பெட்டியை என்னதான் வடித்தாலும் அச்சு உறைகளிலும் மூலைகளிலும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும். சில நாள் ஓட்டிய பின் புது ஆயிலும் லேசாக வெளுத்தால் பயப்பட வேண்டாம். அதையும் ஒருமுறை வடித்து மாற்றுங்கள். மாற்றிய பிறகும் வெளுத்தால் சீல் ஒன்று இன்னும் நீரை விடுகிறது. வடித்த பழைய ஆயிலை வாய்க்கால் கரையில் கொட்டாமல் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். ஆயில் மாற்றிய தேதியையும் மீட்டர் காட்டிய மணியையும் மட்கார்டின் உட்புறம் பெயிண்டால் எழுதி வைத்தால், அடுத்த முறை மெக்கானிக் கேட்கும்போது நினைவைத் தேட வேண்டியிராது.